மூன்றாவது பெயர்

"கண்ணாடியில முட்டிக்காதே. பட்டியல் எங்கேயும் ஓடிப்போகாது" என்று சூப்பிரண்டு அம்மா நாற்காலியிலிருந்தபடியே குரல் கொடுத்தார்.

அறிவிப்புப் பலகைக் கண்ணாடிக்கு இரண்டு விரற்கடை தூரத்தில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றாள் கடைக்குட்டி. வெளிநாட்டு மாநாடுகளுக்குப் போகும் ஆராய்ச்சி மாணவர்களுக்கான பயண நிதிப் பட்டியல். இந்த ஆண்டு ஆறு பேர். ஆறாவது பெயர் வரை படித்துவிட்டு, ஏதோ தவறவிட்டதுபோல மறுபடி மேலே போனாள்.

கணினித் துறையில் அவளுக்கு அந்தப் பட்டப்பெயர் வந்ததற்கு வயதோ உயரமோ காரணமில்லை. ஆங்கில எழுத்து வரிசையில் கடைக்கோடி எழுத்தில் ஆரம்பிக்கும் பெயர் அவளுடையது. வருகைப் பதிவேட்டில் கடைசி, நூலக அட்டையில் கடைசி, பரிசோதனைக்கூட அலமாரிச் சாவியிலும் கடைசி. அதே கணக்கில், எல்லாப் பட்டியலிலும் தலையில் உட்கார்ந்திருக்கும் அவளுடைய சீனியருக்கு முதலாளி என்று பெயர். முதலாளி பெயர் இந்தப் பட்டியலிலும் இருந்தது.

"மேடம், முதலாளிக்குக் கொடுத்திருக்காங்க."

"கொடுத்திருக்காங்க."

"அவர் போறதும் அதே பேப்பருக்குத்தான். அவரும் நானும் எங்க நெறியாளரும் மூணு பேராச் சேர்ந்து எழுதினது. நானும் அதுக்குத்தான் போட்டிருந்தேன்."

"ஒரு பேப்பருக்கு ஒரு ஆளு. அதுவும் முதல் பேருக்குச் சொந்தக்காரருக்குத்தான். விண்ணப்பத்துல ஏழாவது கட்டத்துல கேட்டிருக்கு இல்ல, 'ஆசிரியர் வரிசையில் உங்கள் இடம்' அப்படின்னு? நீ என்ன எழுதின?"

"மூணு."

"மூணுன்னு எழுதினா மூலையிலதான் வைப்பாங்க." சூப்பிரண்டு அம்மா அவளுடைய விண்ணப்பத்தை எடுத்துக் காட்டினார். குறுக்கே நீல மையில் முத்திரை: 'முதல் ஆசிரியர் அல்லர். நிராகரிக்கப்பட்டது.' முத்திரையே செய்து வைத்திருக்கிறார்கள் என்றால் எத்தனை பேருக்குக் குத்தியிருப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

"மேடம், எங்க பிரிவுல முதல் பேருன்னு ஒண்ணு கிடையாது. கணக்குப் போட்டு நிரூபிக்கிற ஆளுங்க நாங்க. யாரு எவ்வளவு செஞ்சாலும் பேரை எழுத்து வரிசைப்படிதான் போடுவோம். உலகம் பூரா அப்படித்தான்."

"அப்படியா? இருபது வருஷமா இந்தச் சீட்டுல உட்கார்ந்திருக்கேன், ஒருத்தரும் சொல்லலையே."

"கேட்டீங்களா?"

சூப்பிரண்டு அம்மா கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். கோபம் வருமா என்று ஒரு நொடி தெரியவில்லை. வரவில்லை.

"வாயி இருக்கு உனக்கு. புதன்கிழமை மத்தியானம் குழு கூடுது. ஆட்சேபம் இருந்தா நேர்ல வந்து சொல்லலாம். உங்க நெறியாளர்கிட்ட ஒரு கடுதாசி வாங்கிட்டு வா. முக்கியமான வேலையெல்லாம் இந்தப் பொண்ணுதான் செஞ்சதுன்னு ரெண்டு வரி. அது போதும்."

இரண்டு வரிதானே என்று அவள் படியேறினாள்.

நெறியாளர் அறையில் சுவர் முழுக்கக் கரும்பலகை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நாற்காலியில் எப்போதும் புத்தகங்கள்தான் உட்கார்ந்திருக்கும். அவள் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டுச் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"எழுத மாட்டேன்."

"சார்!"

"கோவிச்சுக்காதே. கேளு. மூணு பேர் சேர்ந்து யோசிச்சா யோசனை மூணு பேருக்கும் சொந்தம். இது உனக்குத் தோணிச்சு, அது அவனுக்குத் தோணிச்சுன்னு கூறு போட ஆரம்பிச்சோம்னு வை, அடுத்த தடவை எவனும் வாயைத் திறந்து யோசிக்க மாட்டான். மனசுக்குள்ளயே பூட்டி வெச்சுக்குவான்."

"நாலாவது பகுதி பூரா யாரு எழுதினதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்ப எழுதறதுக்கு என்ன?"

"தெரியறது வேற, எழுதறது வேற. நீ முதல் வருஷம் வந்தப்போ ஒரு பேப்பர்ல உன் பேரும் போட்டோமே, ஞாபகம் இருக்கா? அதுல நீ சொன்னது ஒரே ஒரு வரி. அன்னைக்கு யாராவது உன்கிட்ட எவ்வளவு செஞ்சேன்னு கேட்டாங்களா?"

கேட்கவில்லைதான். ஒரு வரி சொன்னவளுக்கும் முழுப் பெயர் கிடைத்தது. அந்தக் கட்டுரையை அம்மா தான் வேலை பார்க்கும் மருந்துக் கடைக்கு எடுத்துக்கொண்டுபோய், புரிந்தாலும் புரியாவிட்டாலும் வந்தவர்களுக்கெல்லாம் காட்டினாள். 

"அப்ப நான் சும்மா இருந்துடணுமா சார்?"

"யாரு சொன்னா? உன்னைப் பத்தி எழுத மாட்டேன்னேன். விதி தப்புன்னு எழுதணும்னா சொல்லு, பக்கம் பக்கமா எழுதறேன்."

சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அம்மா உடனே தீர்ப்புக் கொடுத்துவிட்டாள்.

"எல்லாத்துக்கும் உங்க அப்பாதான் காரணம். நான் நல்லா முன்னாடி வர்ற மாதிரி ஒரு பேரு சொன்னேன். கேட்டாத்தானே?"

"பொறந்த அன்னைக்கே கான்ஃபரன்ஸ் போவான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அப்பா. லிப்ட் பழுது பார்ப்பவர் அவர். கையில் கிரீஸ் கறை போகச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். "அங்கே போய் என்னதான்மா சொல்லப்போற? எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"உங்க வேலைதான்பா. ஒரு நீளத் தெரு, ஒரே ஒரு மெக்கானிக். ரெண்டு பக்கமிருந்தும் கூப்பிடறாங்க. அடுத்த போன் எங்கேர்ந்து வரும்னு அவருக்குத் தெரியாது. எல்லாம் முன்னாடியே தெரிஞ்ச ஒருத்தர் இருந்தா அவர் எவ்வளவு அலைவாரோ, அதைப்போல ரெண்டு மடங்குக்கு மேல நம்ம ஆளு அலைய வேண்டாம். அதுக்கு ஒரு வழி இருக்குன்னு காட்டியிருக்கோம்."

"ரெண்டு மடங்குதானா? நான் நாலு மடங்கு அலையறேன்."

"அதான் பேப்பரைப் படிங்கன்னு சொல்றேன்."

"அதை அந்த முதலாளிப் பையன் சொன்னா ஆகாதா?" என்று அம்மா கேட்டாள். "நல்லாப் பேசுவானே."

"பேசுவார்மா. பேசி முடிச்ச பிறகு கேள்வி கேப்பாங்க. இதே கணக்கை வருஷக்கணக்கா மோதிப் பாத்தவங்க முன்வரிசையில உட்கார்ந்திருப்பாங்க. அவங்க கேக்கறதுக்கு நான் பதில் சொல்லணும். ரெண்டு வருஷமா நான் பேசினதெல்லாம் சுவத்தோடதான். ஒரு தடவையாவது விஷயம் தெரிஞ்சவங்களோட பேச வேண்டாமா?"

அப்பா கையைத் துடைத்துக்கொண்டார். "அப்ப போய்க் கேளு. கேக்கறதுக்கு என்ன பயம்?"

பயமெல்லாம் அவளுக்கு இல்லை. எதை வைத்துக் கேட்பது என்பதுதான். தான் செய்ததைச் சொல்லாமல் தனக்கு வேண்டியதைக் கேட்க வேண்டும். செவ்வாய்க்கிழமை காலையில் அலுவலகம் திறக்கும்போதே வாசலில் நின்றாள்.

"மேடம், பழைய பட்டியல் எல்லாம் வெச்சிருக்கீங்களா?"

"நான் எதைத் தூக்கிப் போட்டிருக்கேன்? எத்தனை வருஷத்துக்கு வேணும்?"

பதினோரு வருஷத்துக் கோப்புகள் மேசைமேல் வந்து விழுந்தன. சூப்பிரண்டு அம்மா சும்மா இருக்கவில்லை, அவரே கட்டை அவிழ்த்தார். ஒருவர் படிக்க, ஒருவர் குறித்துக்கொள்ள, நிரூபணப் பிரிவிலிருந்து பயண நிதி வாங்கியவர்கள் யார், முத்திரை குத்தப்பட்டவர்கள் யார் என்று பிரித்தார்கள். பதினொரு மணிக்கு சூப்பிரண்டு அம்மா பேனாவைக் கீழே போட்டார்.

"என்னடி இது! போன ஒன்பது பேரும் எழுத்து வரிசையில முன்பாதி. பின்பாதியில ஒருத்தர்கூட ஊர் தாண்டலையே!"

"முத்திரை வாங்கின பதினாலு பேர்ல பன்னிரண்டு பேர் பின்பாதி மேடம்."

"என் கையாலயே குத்தியிருக்கேன். பாவம், இந்தப் பொண்ணு அழுதுட்டுப் போச்சு. இவன் சண்டை போட்டான். நான்தான் போடான்னு அனுப்பினேன்."

வாசலில் நிழல் தட்டியது. முதலாளி. கையில் கடவுச்சீட்டு நகலோடு வந்திருந்தான். மேசைமேல் கிடந்த கோப்புகளையும் தன் பெயருக்கு நேரே போட்டிருந்த கோட்டையும் பார்த்தான்.

"என்ன, என்னைக் கழிச்சு விடறதுக்கு ஆராய்ச்சி நடக்குதா?"

"உங்களை இல்லைண்ணா. ஏழாவது கட்டத்தை."

"கட்டத்துக்குள்ள இருக்கிறது நான்தானே?"

"பேரை அப்படி வெச்சது உங்க வீட்டுல. கட்டம் போட்டது இவங்க. ரெண்டுக்கும் நீங்க பொறுப்பில்ல."

"பேச்சுல மட்டும் குறைச்சலே இல்ல" என்றான். சிரிக்கவில்லை. "எனக்கு இது கடைசி வருஷம் கடைக்குட்டி. அங்கே நாலு பேரைப் பாத்தாத்தான் வேலை. உனக்கு இன்னும் காலம் இருக்கு." நகலை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அவன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. கடைக்குட்டி அந்த நகலை எடுத்து அவனுடைய விண்ணப்பத்தோடு வைத்தாள். பிறகு கணக்கைத் தெளிவாக ஒரு தாளில் எழுதி முடித்தாள்.

புதன்கிழமை குழுவில் மூன்று பேர். தலைவர் கட்டடப் பொறியியல் பேராசிரியர். பாலங்களைப் பற்றியே பேசுவதால் பாலம் சார். அவருக்கு வலப்பக்கம் புள்ளியியல் பேராசிரியை. இடப்பக்கம் வேதியியல்காரர், எந்தக் கூட்டத்திலும் கைப்பேசியிலிருந்து தலை தூக்காதவர் என்று பெயர் எடுத்தவர்.

"மூணாவது பேரா?" என்றார் பாலம் சார், நெறியாளர் எழுதியிருந்த மூன்று பக்கங்களையும் புரட்டிவிட்டு. "எங்க பக்கத்துல மூணாவது பேருன்னா சிமெண்ட் மூட்டை தூக்கினவன்மா."

"எங்க பக்கத்துல சிமெண்டே கிடையாது சார். மூணு பேரும் கொத்தனாருங்க. பேரு எழுத்து வரிசை." தாளை நீட்டினாள். "பதினோரு வருஷக் கணக்கு. நீங்க எங்க பிரிவுல நல்ல வேலை செஞ்சவங்களைத் தேர்ந்தெடுக்கலை. நல்ல எழுத்துல பொறந்தவங்களைத் தேர்ந்தெடுத்திருக்கீங்க."

வேதியியல்காரர் தலை தூக்கினார்.

பேராசிரியை தாளை வாங்கிப் பார்த்து உதட்டுக்குள் முணுமுணுத்தார். "ஒன்பதுக்கு ஒன்பது முன்பாதி. தற்செயலா வரணும்னா ஐநூத்துப் பன்னிரண்டுல ஒரு தடவை. எல்லா எழுத்துலயும் சமமாப் பேரு இருக்காது, அதனால கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். இருந்தாலும்..." பாலம் சார் பக்கம் திரும்பினார். "இது பாலமா இருந்தா நீங்க மூடியிருப்பீங்க."

பாலம் சார் மூக்கைச் சொறிந்தார். "சரி. விதி தப்பாவே இருக்கட்டும். இப்ப எனக்கு ஒண்ணு சொல்லு. இந்தப் பேப்பர்ல பெரிய வேலை யாருது? உன்னுதா? ஆமான்னு சொல்லு, இப்பவே மாத்தி எழுதிடறேன்."

ஆமாம் என்று ஒரு சொல். அதைச் சொல்லத்தான் திங்கட்கிழமை அவள் மாடியேறிப் போனாள். கதவோரம் நின்றிருந்த சூப்பிரண்டு அம்மா, சொல்லேன், சொல்லேன் என்று கண்ணாலேயே அவளைத் தள்ளினார்.

"சொல்ல மாட்டேன் சார்."

"ஏன்?"

"அதைச் சொல்லக் கூடாதுன்னுதான் எழுத்து வரிசையே வெச்சிருக்கோம். நான் இன்னைக்குச் சொன்னா நாளைக்கு எங்க லேப்ல எல்லாரும் சொல்லணும்."

"அப்ப நான் யாரைத்தான் அனுப்பறது?"

"யாரு பேசப்போறாங்களோ அவங்களை. ஏழாவது கட்டத்துல இடத்தைக் கேக்காதீங்க, பேசறவர் யாருன்னு கேளுங்க. எழுதின எல்லாரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுச் சொல்லட்டும்."

"உங்க முதலாளி தன்னைத்தான் சொல்லுவான்."

"சொன்னா அவர் போகட்டும். ஆனா என் கையெழுத்தும் வேணும் இல்ல? நானும் போட்டுத்தான் அவர் போகணும்."

பேராசிரியை சிரித்துவிட்டார். பாலம் சார் மற்ற இரண்டு உறுப்பினர்களையும் பார்த்துவிட்டுக் குறிப்பேட்டில் எழுதினார். "நாளைக்கு நாலு மணி. மூணு கையெழுத்தோட ஒரே பேரு. வரலைன்னா பழைய பட்டியலே நிக்கும்."

வெளியே வந்ததும் சூப்பிரண்டு அம்மா பிடித்துக்கொண்டார். "கையில வந்த லட்டைத் தட்டிவிட்டுட்டியே! பழைய பட்டியல் நின்னா அவன் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும். எதுக்குக் கையெழுத்துப் போடறான்?"

"தெரியலை மேடம். போய்க் கேக்கறேன்."

முதலாளி பரிசோதனைக்கூடத்தில் தன் உரைக்குப் படங்கள் வரைந்துகொண்டிருந்தான். அவள் நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். பாலம் சார் கேட்ட கேள்வியையும், தான் சொன்ன பதிலையும்.

அவன் நாற்காலியைத் திருப்பினான். "ஆமான்னு சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா அதுக்கப்புறம் உங்களோட எப்படி உட்கார்ந்து யோசிக்கிறது?"

அவன் கொஞ்ச நேரம் பேனா மூடியைக் கடித்தான். "நான் உன்னைவிட நல்லாப் பேசுவேன். அது உனக்கும் தெரியும்."

"தெரியும்."

"அப்ப ஒண்ணு பண்ணுவோம். எப்பவும் மாநாட்டுக்கு முன்னாடி லேப்ல ஒத்திகை பாப்போம் இல்ல? நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் பேசுவோம். முதல்ல நான், அப்புறம் நீ. கேள்விக்கு நிக்கிறவங்க போகட்டும். நான் நின்னுட்டா நீ மறு பேச்சுப் பேசாம கையெழுத்துப் போடணும்."

"போடறேன்."

"ஏனக்காவைக் கூப்பிடு. அவங்க கேள்விக்கு நின்னா எவன் கேள்விக்கும் நிக்கலாம்."

ஏனக்கா முனைவர் பட்டம் முடித்து அங்கேயே ஆய்வு செய்துகொண்டிருந்தவர். 'ஏன்?' என்று கேட்டே இரண்டு பேரைப் படிப்பை விட்டு ஓட வைத்ததாக அவரைப் பற்றிக் கதை உண்டு.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நெறியாளர் வழக்கம்போல நின்றிருந்தார். முதலாளி பேசினான். அருமையாகப் பேசினான். மெக்கானிக் படம் திரையில் ஓடியது, தெரு நீண்டது, எல்லோரும் சரியான இடத்தில் சிரித்தார்கள். மாநாட்டில் கொடுக்கும் இருபது நிமிடத்தில் சரியாக முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தான். கடைக்குட்டிக்கே கை தட்டத் தோன்றியது, தட்டினாள்.

"ஏன் ரெண்டு மடங்கு?" என்றார் ஏனக்கா. "ஒன்றரை ஏன் வராது?"

"நாலாவது பகுதியில விளக்கமா இருக்கு அக்கா."

"பேப்பர் பேசாது தம்பி. நீ பேசு."

முதலாளி பலகைக்குப் போனான். ஒரு கோடு போட்டான். கோட்டின்மேல் ஒரு புள்ளி வைத்தான். "இங்கே இருக்கும்போது... கோரிக்கை இந்தப் பக்கம் வந்தா..." நிறுத்தி, அழித்து, மறுபடி போட்டான். கடைக்குட்டி இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். விடை நாக்கு நுனியில் நின்றது. எழுந்து சொன்னால் அவனுக்கு அவமானம். சொல்லாவிட்டால் அவன் தவிப்பதை வேடிக்கை பார்ப்பதுபோல. அவள் தரையைப் பார்த்தாள்.

"சரி, உட்காரு" என்றார் ஏனக்கா, குரலில் கடுமை இல்லாமல்.

அடுத்து கடைக்குட்டி. அவளுடைய முதல் படத்தில் எழுத்துகள் எறும்புபோல இருந்தன. இரண்டாவது படம் தலைகீழாக வந்தது. நெறியாளர் அடக்கமாட்டாமல் இருமினார். வேகமாகப் பேசிப் பதின்மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டாள்.

"அதே கேள்வி" என்றார் ஏனக்கா.

அவள் திரையை அணைத்துவிட்டுப் பலகைக்குப் போனாள். "மெக்கானிக் எவ்வளவு கெட்டிக்காரரா வேணா இருக்கட்டும் அக்கா. அவருக்கு எதிரா ஒருத்தர் உட்கார்ந்து போன் பண்றார்னு வெச்சுக்குங்க. மெக்கானிக் இடது பக்கம் சாஞ்சா, அவர் வலது பக்கத்திலிருந்து கூப்பிடுவார். வலது பக்கம் வந்தா இடது பக்கத்திலிருந்து. நடுவுல நின்னா, எந்தப் பக்கம் முதல்ல காலை எடுத்து வைக்கிறார்னு பாத்துட்டு மறுபக்கம். எல்லாம் முன்னாடியே தெரிஞ்ச ஆளு போன் வர்றதுக்கு முன்னாடியே சரியான பக்கம் போய் நின்னுடுவார். நம்ம ஆளு போக வர அலைஞ்சே ஆகணும். ஒன்றரைன்னு எவர் சொன்னாலும், இந்த எதிராளி அவரைத் தோக்கடிச்சுடுவார்."

"தெரு வட்டமா இருந்தா?"

"அங்கே எதிராளிக்கு இன்னும் வசதி. ரெண்டுகூட நிக்காது. எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. தெரியாதுன்னுதான் அங்கேயும் சொல்வேன். அங்கே யாருக்காவது தெரிஞ்சிருந்தா கேட்டுட்டு வருவேன்."

ஏனக்கா மறுபடி ஏன் என்று கேட்கவில்லை. அந்த அறையில் அது பாராட்டு.

முதலாளி தாளை எடுத்து மேசையில் வைத்தான். பேசுபவர் என்ற இடத்தில் அவள் பெயரை அவனே எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டான். "நான் பேசி முடிச்சா இருபது பேர் கை தட்டுவாங்க. நீ பேசி முடிச்சா ரெண்டு பேர் வந்து உட்கார்ந்து பேசுவாங்க. அந்த ரெண்டு பேர்தான் நமக்கு வேணும்." பேனாவை நீட்டினான். "ஆனா உன் படத்தையெல்லாம் கொளுத்திடு. என்னோடதை எடுத்துக்கோ. மானம் போகுது."

"வேலைக்கு நீங்க பாக்கணும்னு சொன்ன அந்த நாலு பேரு யாருன்னு எழுதிக் கொடுங்கண்ணா. நான் பாத்துப் பேசிட்டு வரேன். உங்க பேப்பர் எல்லாம் கையில கொடுத்துட்டு வரேன்."

"மெதுவாப் பேசு. அது போதும்" என்றான் முதலாளி. கொஞ்ச நேரம் கழித்து நான்கு பெயர் எழுதிய காகிதத்தை அவள் பையில் சொருகினான்.

நெறியாளர் மூன்றாவது கையெழுத்தைச் சுவரில் வைத்துப் போட்டார்.

மூன்றரை மணிக்குத் தாளை வாங்கிய சூப்பிரண்டு அம்மா இரண்டு முறை படித்தார். பட்டியலில் ஒரு வரியை அடித்து மேலே அவள் பெயரை எழுதினார். பிறகு கணினியில் விண்ணப்பப் படிவத்தைத் திறந்து, ஏழாவது கட்டத்திலிருந்த வாசகத்தை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார்.

"என்ன போடணும்னு சொன்ன?"

"மாநாட்டில் பேசுபவர் யார்?"

"யார்னு கேள்விக்குறி போடணுமா?"

"போடுங்க மேடம். கேள்விதானே."

அதைத் தட்டி முடித்துவிட்டுப் பயணச்சீட்டுக்கான தாளை உருவினார். "ஜன்னல் ஓரமா, நடுவா?"

"நடைபாதை ஓரம்."

"எல்லாரும் ஜன்னல் கேப்பாங்க. முதல் தடவை போற, மேகம் பாக்க வேண்டாமா?"

"எழுந்து நடந்துக்கிட்டே பேசிப் பாக்கணும் மேடம். பதின்மூணு நிமிஷத்துல முடிச்சுட்டேன், இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு."